எந்தக் கோயில் வீதி, பிள்ளை?

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கடை விறாந்தையிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டால் விடியப்புறம் அங்கே நிற்கும். அந்தத் தூரத்தைவிட என்னை அலைக்கழித்தது பக்கத்து ஊர் ஒழுங்கைகள்தான்.

2021இல் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் விற்கத் தொடங்கினேன். அம்மா வறுத்துத் தரும் மிளகாய்த்தூள், காயவைத்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, அயலட்டைப் பெண்கள் இழைக்கிற கடகம், பனையோலைப் பெட்டி. எல்லாரும் சொன்ன வழி, சாமானைக் கொடுத்துக் காசையும் வாங்கித் தருகிற கூரியர். சாமானைக் கையில் வாங்கின பிறகுதான் எங்கடை சனம் காசு கொடுக்கும் என்பதால் அதுவே சரியென்று பட்டது. முதல் மாதத்தில் 40 பார்சல் போனது, 11 திரும்பி வந்தது. காரணம் கேட்டால், "கஸ்ரமர் போன் எடுக்கேல்லை." வகுப்பில் நிற்கிற ரீச்சர் தெரியாத நம்பரை எடுப்பாவா? இன்னொருவ எடுத்திருக்கிறா, மற்றப்பக்கம் சிங்களத்தில் கதைத்ததும் போனை வைத்துவிட்டா. போன கூலியும் திரும்பின கூலியும் என் தலையில். விற்ற காசு கைக்கு வர ஒரு கிழமைக்கு மேலாகும்.

கடகத்தில் கிடைத்த பாடம் வேறு. ஒன்று 900 கிராம்தான் இருக்கும். கூரியர் பெடியன் அளவுநாடாவை எடுத்து நீளம் 40, அகலம் 30, உயரம் 30 சென்ரிமீற்றர் என்று பெருக்கி 5000ஆல் பிரித்தான்.

"அக்கா, 7.2 கிலோ வருது."

"தம்பி, உள்ளுக்கு வெறும் காத்து."

"காத்துக்கும் லொறியில இடம் வேணுமே அக்கா."

கோபம் வந்தாலும் அவன் சொன்னது நியாயம். நிறை, கனவளவு இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் கூலி. அதற்குப் பிறகு கடகத்தைத் தனியாக அனுப்புவதை விட்டேன். பெரியதற்குள் சின்னன், அதற்குள் இன்னும் சின்னன், மிஞ்சின இடுக்கெல்லாம் தூள் பக்கற். அதே ஏழு கிலோக் கூலிக்கு ஏழு கிலோவுக்குக் கிட்டச் சாமான் போகுது.

வெள்ளவத்தை ஆட்களுக்கு இரவு பஸ் மலிவு. பஸ் நம்பரையும் கொண்டக்டரின் போன் நம்பரையும் அனுப்பிவிடுவேன், அவர்கள் விடிய எழும்பி பஸ் வருகிற காலி வீதியில் (Galle Road) நிற்க வேணும். ஒருவர் நித்திரையாகிப் போனதில் பெட்டி கொழும்பைப் பார்த்துவிட்டு மறுநாள் யாழ்ப்பாணத்துக்கே வந்துசேர்ந்தது. வயதான ஆட்களுக்கு இந்த வழியை நான் சொல்வதேயில்லை.

சின்னப் பொதிகளுக்கு, அதுவும் வடமராட்சி கிழக்குப் பக்கம் என்றால், தபால்தான். சுணங்கும். ஆனால் தபால்காரருக்கு வீட்டு இலக்கமே வேண்டாம், ஆளின் பேர் போதும். பதிவுத் தபாலில் போட்டு ரசீதைப் படமெடுத்து அனுப்பினால் வாங்குபவருக்கும் நிம்மதி. காசை முதலே வங்கியில் போடச் சொல்வேன், இரண்டாம் முறை வாங்குபவர்கள் மறுக்கிறதில்லை.

உள்ளூருக்கு எங்கள் ஒழுங்கை ஓட்டோக்கார அண்ணையைப் பிடித்தேன். முதல்நாள் பத்து மணிக்குப் போன் வந்தது: "பிள்ளை, இலக்கம் 27, கோயில் வீதி எண்டு போட்டிருக்கு. எந்தக் கோயில் வீதி, பிள்ளை? நான் மூண்டு கோயிலடியில கேட்டிட்டன்." யாழ்ப்பாணத்தில் கோயிலுக்கோ கோயில் வீதிக்கோ பஞ்சமா! அன்றிலிருந்து இலக்கம் கேட்பதைக் குறைத்துவிட்டேன். கிட்ட இருக்கிற சந்தி அல்லது கோயில், கேற்றின் நிறம், எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் நிற்கும், இந்த மூன்றையும் குரல்பதிவாக வாங்கி அப்படியே அண்ணைக்கு அனுப்பிவிடுவேன். ஒரு அம்மா "பச்சைக் கேற், உள்ளுக்கு நாய் நிக்குது, குலைக்கும், கடிக்காது" என்று அனுப்பினா. கடித்தது.

ஒவ்வொரு ஓடருக்கும் ஓட்டோ விட்டால் கட்டாது. செவ்வாய் மானிப்பாய்ப் பக்கம், சனி நல்லூர்ப் பக்கம் என்று நாளைப் பிரித்தேன். ஒரே ஓட்டத்தில் ஆறு வீடு என்றால் வீட்டுக்கு விழுகிற கூலி பாதிக்கும் கீழே வரும். நாள் தெரிந்திருப்பதால் ஆட்களும் வீட்டில் நிற்கிறார்கள், திரும்பி வருவது மாதத்துக்கு ஒன்றிரண்டுதான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வாகனம் போகாது. அந்த நாட்களில் வீதித் தடைக்கு வெளியே தெரிந்த கடையில் வைத்துவிட்டுச் சொல்லிவிடுவோம்.

கடையில் வைக்கிற பழக்கம் 2022இல் வந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல். அண்ணை கையை விரித்துவிட்டார். நான் சைக்கிளில் பொதிகளைச் சந்திக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பேன், வாங்குபவர்கள் வேலை முடிந்து போகும்போது எடுத்துக்கொள்வார்கள். பெற்றோல் வந்த பிறகும் பலருக்கு அதுவே வசதியாய்ப் போய்விட்டது. கடைக்கார ஐயா காசு வாங்கமாட்டார். மாதம் கால் கிலோ மிளகாய்த்தூள், அதுவும் நல்ல உறைப்பாக.

நெடுந்தீவுக்கு மட்டும் இன்னும் ஒழுங்கான வழி இல்லை. அங்கே படிப்பிக்கிற ரீச்சர் ஒருவ வாங்குவா. குறிகாட்டுவான் வரை பஸ், பிறகு ஒரு மணித்தியாலம் படகு, அதில் போகிற யாரிடமாவது கையில் கொடுத்துவிடுவதுதான். உப்புத்தண்ணி பட்டு ஒருமுறை ஒடியல் மா கட்டிபட்டது, அதோடு இரட்டைப் பொலித்தீன். நேற்றும் எடுத்தா. "அக்கா, கடல் எழும்பிக் கிடக்கு, ரெண்டு நாள் பொறுத்து விடுங்கோ." பெட்டி விறாந்தையில் இருக்குது.