தாழ்த்திய காரும் ஒரு 'டொக்' சத்தமும்

ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றிக் காரை 35 மில்லிமீட்டர் தாழ்த்திய மறுநாளே, அழகர்கோவில் சாலையில் 'டொக், டொக்' என்று ஒரு சத்தம் கூடவே வரத் தொடங்கியது. மாற்றிக்கொடுத்த பட்டறையில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார்கள். மாட்டி ஒரு வாரம்கூட ஆகாத பொருளைப் பற்றிய தீர்ப்பு அது. இரண்டு சக்கரங்களும் ஒருசேர ஏறும் வேகத்தடையில் சத்தமே இல்லை, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் தட்டுகிறது என்பதைக் கவனித்த பின், இடது, வலது சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது; ஏனெனில் இருபுறமும் ஏற்றத்தாழ்வாக அசையும்போதுதான் அந்தக் கம்பி முறுக்கேறும். காளவாசல் பக்கம் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன், அந்தக் கம்பியின் முனைகளைச் சஸ்பென்ஷனோடு பூட்டும் இரு லிங்க்குகளையும் கழற்றிவிட்டு மெதுவாகத் தெருவைச் சுற்றிவரச் சொன்னார். 'டொக்' சத்தம் நின்றுவிட்டது. கழற்றிய இடது லிங்க்கின் பந்து மூட்டு விரலால் தள்ளினாலே ஆடியது. ஏற்கெனவே தேய்ந்திருந்த மூட்டு, கோணம் மாறியதும் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

'டொக்' போன பிறகும் மிச்சமிருந்த 'கிரீச்' சத்தத்துக்குக் காரணம் வேறு. சக்கரங்கள் தொங்கிய நிலையிலேயே சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் போல்ட்டுகளை முறுக்கியிருந்ததால், கார் தரையில் இறங்கியதும் அதன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் திருகிக்கொண்டு நின்றன. போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போதே மீண்டும் முறுக்கினோம். லிங்க் விலை நீங்கலாகக் கூலி 600 ரூபாய். ஜிகர்தண்டா என் கணக்கு.