அங்கோர் போரெயில் ஒரு சிறுவன்

தெற்குக் கம்போடியாவின் தாக்கேவ் நகரில் படகு ஏறியபோது வயல் எது, கால்வாய் எது என்றே தெரியவில்லை. மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. எங்கு பார்த்தாலும் தண்ணீர். நடுநடுவே பனைமரங்களின் தலை. எதிரே ஒரு படகு கடந்தால் போதும், சட்டை நனைந்துவிடும்.

கம்போடியா என்றால் எல்லோரும் அங்கோர் வாட்டுக்குத்தான் போகிறார்கள். முதல் முறை நானும் அங்குதான் போனேன். இந்த முறை அங்கோர் போரெய்க்காகவே வந்தேன். அங்கோர் வாட் எழுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே ஊர் இருந்தது. சீனர்கள் பூனான் என்று எழுதிவைத்த நாட்டின் முக்கியமான நகரம். மதிலுக்குள் மட்டும் சுமார் 300 ஹெக்டேர். கம்போடியர்களின் மொழியான கெமரில், ஆண்டு குறித்த கல்வெட்டுகளில் மிகப் பழையது, கி.பி. 611ஐச் சேர்ந்தது, இங்கே கிடைத்ததுதான்.

சரி, நான் தேடி வந்தது அந்த ஊரின் இடுகாட்டை. அது இருக்கும் வாட் கொம்னூ, ஒரு மேட்டின் மேல் இன்றும் பிக்குகள் வாழும் விகாரை. அந்த மேட்டில்தான் 1999, 2000 ஆண்டுகளில் ஹவாய் பல்கலைக்கழகத்தாரும் கம்போடியத் தொல்லியலாளர்களும் தோண்டினார்கள். சின்ன இடம்தான், ஆனால் குறைந்தது 111 பேரின் எலும்புகள் கிடைத்தன. கி.மு. 200 முதல் கி.பி. 400 வரை அடக்கம் செய்யப்பட்டவர்கள். கூடவே மண்பானைகள், பன்றி மண்டையோடுகள், மணிகள்.

அந்த மணிகளை நினைத்தாலே மனம் பரபரக்கிறது. கண்ணாடி மணிகள் பல கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. அவற்றில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருக்கிய வகைக் கண்ணாடி உண்டு. சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்மணியும் இருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் மணி செய்துகொண்டிருந்த காலத்தில்தான் இந்த இடுகாடும் இருந்தது.

ஆனால் வந்தது மணி மட்டும் இல்லை. இங்கே புதைக்கப்பட்ட ஒரு சிறுவனின் மரபணுவை ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். கி.பி. 78க்கும் 234க்கும் இடையில் வாழ்ந்தவன். அவன் மரபணுவில் 40 முதல் 50 சதவீதம் தெற்காசியாவிலிருந்து வந்தது. இந்தியத் தாக்கம் என்றாலே கோயிலையும் சமஸ்கிருதத்தையும் அரசர்களையும்தான் பேசுகிறோம். எனக்கு இந்தப் பையன்தான் பெரிய சான்று. கடல் கடந்து வந்தவர்கள் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிடவில்லை. இங்கேயே குடும்பம் நடத்தியிருக்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள், அந்தப் பரம்பரையில் வந்த ஒரு பிள்ளையை இந்த மேட்டில் புதைத்தும் இருக்கிறார்கள்.

தோண்டிய குழியெல்லாம் மூடிக்கிடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணில் கொஞ்ச நேரம் நின்றேன். சாயங்காலப் படகில் திரும்பும்போது, அவன் வீட்டில் என்ன மொழி பேசியிருப்பார்கள், அம்மாவை எப்படிக் கூப்பிட்டிருப்பான் என்று தாக்கேவ் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.