பி.பி.எல். வகுப்பில் வாய் திறப்பது எப்படி?

லெக்சர் கேட்டு, நோட்ஸைக் கரைத்துக் குடித்து வளர்ந்த நம் பிள்ளைகள் மருத்துவமோ நர்ஸிங்கோ படிக்க வெளிநாடு வந்ததும் திணறும் இடம் பி.பி.எல். (Problem-Based Learning), அதாவது ஒரு பிரச்சினையை வைத்துக் குழுவாகப் பேசிப் படிக்கும் வகுப்பு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969-ல் தொடங்கிய முறை இது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் இதை ஏழு படிகளாக வகுத்தது. எட்டுப் பத்து மாணவர்கள், ஒரு டியூட்டர் (வழிநடத்தும் ஆசிரியர்), ஒரு கேஸ் (ஒரு நோயாளியின் விவரம்). ஒரு மாணவர் கூட்டத்தை நடத்துவார், இன்னொருவர் பலகையில் எழுதுவார். டியூட்டர் விடை சொல்லமாட்டார். அவர் வேலை அதுவல்ல.

தெரியாத சொற்களைத் தெளிவாக்குவது, பிரச்சினையை வரையறுப்பது, தெரிந்ததை வைத்துக் காரணங்களை அலசுவது, அவற்றை ஒழுங்குபடுத்துவது, படிக்க வேண்டிய கேள்விகளை எழுதுவது: இவ்வளவும் முதல் அமர்வு. ஆறாவது படி தனியாகப் படிப்பது. ஏழாவது, மறுபடி கூடி, படித்ததைக் கேஸோடு பொருத்திப் பேசுவது.

சறுக்கல், காரணங்களை அலசும் மூன்றாம் படியில். விடை உறுதியானால்தான் பேசுவது என்ற பழக்கம் இங்கே கைகொடுக்காது. மௌனத்தை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளாமல், தயாராகாமல் வந்ததாக நினைத்துவிடுவார்கள். அதைவிடக் கெடுதல், ஒரு கெட்டிக்காரர் முதல் வரியிலேயே நோயின் பெயரைச் சொல்லி மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவது.

ஒரு கேஸ்: 54 வயதுக்காரர், மூன்று வாரமாக இரண்டு காலும் வீக்கம், மூச்சு வாங்குகிறது. ஹார்ட் ஃபெயிலியர் (இதயச் செயலிழப்பு) என்று உடனே முடிக்காதீர்கள். இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் எதை எதிர்பார்க்கலாம் என்று கேளுங்கள். இதயமென்றால் படுத்தால் திணறல் கூடும், கழுத்துச் சிரை புடைத்திருக்கும். சிறுநீரகம் பழுதாகிச் சிறுநீரில் புரதம் போவதென்றால் காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், சிறுநீரில் நுரை. கல்லீரலென்றால் வயிற்றில் நீர் கோத்திருக்கும், கண் மஞ்சளாக இருக்கலாம். கழுத்துச் சிரை இயல்பு, சிறுநீரில் புரதம் மிகுதி என்று கேஸின் அடுத்த தாள் சொன்னால் சிறுநீரகம் முன்னே வரும். அப்படியானால் மூச்சு ஏன் வாங்குகிறது? நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்பவரைத்தான் டியூட்டர் கவனிக்கிறார். நோயின் பெயரை முந்திச் சொன்னவரை அல்ல.

படிக்கும் கேள்வி குறுகலாக இருக்கட்டும். ‘சிறுநீரக நோய்’ என்று எழுதினால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. ‘புரதம் வெளியேறினால் கால் ஏன் வீங்குகிறது?’ என்றால் தெரியும். தலைப்புகளை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்ளவும் வேண்டாம். மற்றவர் தலைப்பைப் படிக்காதவரால் அவர் சொல்வதில் உள்ள ஓட்டையைப் பிடிக்க முடியாது. ஏழாம் படி வெறும் வாசிப்பாகிவிடும்.

மொழி தடுக்கினால் சிறிய வாக்கியம் போதும்: ‘இதை நினைக்கிறேன், ஏனென்றால் இது இருக்கிறது, ஆனால் அது பொருந்தவில்லை.’ ஆரம்பத்தில் பலகையில் எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ‘இதற்கு ஆதாரமாக எதை எழுதட்டும்?’ என்று கேட்டே ஆக வேண்டியிருக்கும். பேச்சு தானாக வரும். சில கேஸ்களுக்குப் பிறகு அந்தப் பொறுப்பை விட்டுவிடுங்கள். எழுதுகிறவர் எழுத்தோடு நின்றுவிடுவதும் உண்டு.