மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் அலர்ஜி டெஸ்ட்டுக்குக் கிளம்பாதீர்கள்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு அலர்ஜி டெஸ்ட்டுக்குப் போனால், "இன்னிக்கு எடுக்க முடியாது சார், ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஆஸ்துமாதான் என்று உறுதியானதில் சிரமமே இல்லை. குழாயில் ஊதச் சொன்னார்கள், மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள், அளவு ஏறியது. அதற்கு முன் காபி மட்டும் குடிக்கக் கூடாது. காபின் மூச்சுக்குழாயைக் கொஞ்சம் விரித்துவிடும். காப்பித் தோட்டத்து ஊர்க்காரனுக்கு அது ஒரு தண்டனைதான்.

குழப்பம் சாப்பாட்டில் ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டி வீசிங் வந்தால் ஊரே வைத்தியராகிவிடும். அத்தை தயிரை நிறுத்தினார், பக்கத்து வீட்டு அண்ணன் வாழைப்பழத்தை, இன்னொருவர் ஆரஞ்சை. எல்லாமே குளிர்ச்சியாம். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் தோல் டெஸ்ட். முன்கையில் சொட்டுச் சொட்டாக விட்டு ஊசியால் லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் தடித்தால் அலர்ஜி.

அலர்ஜி மாத்திரை உடம்பில் இருந்தால் தடிக்காது. மாண்டிலூகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை சாப்பிடுகிறேன் என்று போனிலேயே சொன்னேன், அது தடிப்பைத் தடுக்காது, பரவாயில்லை என்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் பொடி எழுத்தில் லெவோசிட்ரிசினும் இருந்தது, தடிப்பை அமுக்குகிற அலர்ஜி மருந்து அதுதான். இரண்டும் சேர்ந்த மாத்திரைதான் ஊரெல்லாம் விற்கிறது, போனில் எடுத்தவர் இதைக் கேட்டிருக்க வேண்டாமா? அட்டையைப் போட்டோ எடுத்து முதலிலேயே அனுப்பிவிடுங்கள். டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வயிற்றெரிச்சல் இதோடு தீரவில்லை. அலர்ஜியைக் கிளப்பும் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் பார்க்கும் டெஸ்ட்டுக்கு இந்த மாத்திரை தடையே இல்லையாம். அன்றைக்கே ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பதில் வெளியே ஒரு லேபில் ஏகப்பட்ட உணவுகளுக்கு ஐஜிஜி (IgG) டெஸ்ட் பேக்கேஜ் எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். பெயர் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஏமாந்துவிடாதீர்கள். நாம் என்ன சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதைத்தான் ஐஜிஜி காட்டும். உணவு அலர்ஜிக்கு அதைப் பார்க்க வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி அகாடமி 2008-லேயே சொல்லிவிட்டது.

மறுபடி போனபோது தூசிப் பூச்சிக்கு நன்றாகத் தடித்தது. பால், வாழைப்பழம், ஆரஞ்சு எதற்கும் ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டை அத்தை முன்னால் வைத்துவிட்டு ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட்டேன், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

டாக்டர் கேட்டது வேறு: "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" கடை சாத்திவிட்டுப் பத்தரைக்குப் பரோட்டா, உடனே படுக்கை. வயிற்று அமிலம் மேலேறினால் மூச்சுக்குழாய் இறுகும், ராத்திரி இருமல் அதனாலும் வரும் என்றார். இப்போது எட்டு மணிக்கே சாப்பாடு, எடையையும் குறைக்கிறேன். இன்ஹேலரும் தவறாமல் போகிறது, அதனால் பெருமை முழுவதையும் சாப்பாட்டு நேரத்துக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இருமி எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது.

மஞ்சள் உலர் திராட்சை, பாட்டில் எலுமிச்சைச் சாறு வாங்கும்போது லேபிளில் 220 முதல் 228 வரை ஏதாவது எண் இருக்கிறதா பாருங்கள். அது சல்பைட், ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். தோல் டெஸ்ட்டில் இது பெரும்பாலும் தெரியாது, என்ன சாப்பிட்டபோது இழுத்தது என்று எழுதி வைத்தால்தான் பிடிபடும்.