பிரஷர் குறையும் என்றுதான் சொன்னேன்

"ரோல் கிரிம்ப் போட்டால் பிரஷர் கூடுமா, குறையுமா?"

தோட்டா நிரப்பும் சாமான் விற்கும் கடையில் கவுன்ட்டரில் நின்ற என்னிடம் பெரியவர் கேட்டது இவ்வளவுதான். ரோல் கிரிம்ப் என்றால் தோட்டாவின் வாயைச் சுருட்டி மூடுவது. பிரஷர் என்றால் சுடும்போது உள்ளே ஏறும் அழுத்தம். "குறையும்" என்றேன். கேள்விக்குச் சரியான பதில்தான். ஆனாலும் மூன்று வருடமாக அந்த ஒரு சொல் என்னை விடவில்லை.

அவர் கவுன்ட்டரில் கொட்டியவை பல முறை சுட்டு, திரும்ப நிரப்பிய 12 கேஜ் ஹல்கள், அதாவது அந்தக் குழல் அளவுள்ள ஷாட்கன் தோட்டாவின் பிளாஸ்டிக் கூடுகள். மடிப்பு விழும் இடமெல்லாம் பிளாஸ்டிக் வெளுத்து, நுனி கீறிக்கிடந்தது. அவற்றின் வாயை மூடியிருந்த ஃபோல்டு கிரிம்ப் என்பது மோதகத்தின் வாயைக் குவிப்பது மாதிரி. ஆறு மடிப்பு அல்லது எட்டு. மடிப்பு பிய்ந்துவிட்டால் நடுவில் ஈயக்குண்டு ஒழுக ஆரம்பிக்கும். அதனால் வாயை வெட்டிவிட்டு, மேலே ஓர் அட்டை வில்லையை வைத்து ஓரத்தை உள்பக்கமாகச் சுருட்டிவிடலாம் என்பது அவர் யோசனை. வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் அடைக்கும் வேட் எல்லாம் பழைய கணக்கே.

மோதக மடிப்பு விரியக் கொஞ்சம் அடம்பிடிக்கும். அந்த அடத்தில்தான் மருந்து நன்றாகப் பற்றி அழுத்தம் ஏறுகிறது. சுருட்டிய வாய் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும். அதனால் குறையும் என்றேன். இரண்டே முக்கால் அங்குல 12 கேஜ் தோட்டாவுக்கு உச்சவரம்பு 11,500 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு அழுத்தம். அதை வகுத்த அமெரிக்கத் தர அமைப்பின் சுருக்கப் பெயரை எழுத்துக்கூட்டினால் நம்ம ஊர் 'சாமி' என்று வரும். சாமி போட்ட கோட்டைத் தாண்டாது என்ற நிம்மதி எனக்கு. கீழேயும் ஒரு கோடு உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. வரிசையில் மூன்று பேர் நின்றார்கள்.

பத்து நாள் கழித்து வந்தார். பென்சில்வேனியா ஜனவரிக் குளிரில் சுட்டிருக்கிறார். 'டமார்' என்று கேட்க வேண்டியது 'புஸ்' என்றதாம். குழலைத் திறந்து பார்த்தால் வெளிச்சம் தெரியவில்லை. குழலில் சிக்கியிருந்த வேட். குச்சியால் தள்ளி எடுத்த அந்த வேட் துண்டைக் கவுன்ட்டரில் வைத்தார். அதன் அடியில் எரியாத மருந்துச் செதில்கள் கருகாமல் அப்படியே ஒட்டியிருந்தன. சத்தத்தைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைப் போட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும்.

கோபமே இல்லை அவருக்கு. "அப்போ மருந்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கட்டுமா?" என்றார். அன்றைக்கு அரை மணி நேரம் பேசினேன். ஃபோல்டுக்குப் போட்ட மருந்து அளவுக் கணக்கு ரோலுக்குச் செல்லாது, ரோலுக்கென்று சோதித்த கணக்கை மட்டும் எடுங்க, நீங்களாகக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று.

நான் அவரைச் செய்யச் சொல்லவில்லை. கூடுமா குறையுமா என்று கேட்டார், சொன்னேன். அவர் வீட்டிலும் தோட்டா நிரப்பும் கணக்குப் புத்தகம் இருக்கிறது. இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடிப் பார்த்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டது பிரஷரைப் பற்றியா? செய்யலாமா என்றுதானே கேட்டார்? அது அன்றைக்கே எனக்குப் புரிந்ததா என்று யோசித்தால், புரிந்தது என்றுதான் தோன்றுகிறது. சில நாள் இல்லை என்றும் தோன்றும்.

அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் எது கேட்டாலும், "புத்தகத்தில் அந்த ஹல்லும் அந்த கிரிம்ப்பும் இருந்தால் செய்யுங்க, இல்லையென்றால் வேண்டாம்." மேனேஜருக்கு ரொம்பப் பிடித்த பதில்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். கிரிம்ப் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் பரவாயில்லையா என்று கேட்டான். ஆழம் கூடினால் அழுத்தமும் கூடும். பித்தளைத் தோட்டாவில் தெரிகிற அறிகுறிகளை நம்பி பிளாஸ்டிக் ஹல்லில் பிரஷரைக் கணிக்க முடியாது. அவனாகக் கண்டுபிடிக்க வழியில்லை. நான் புத்தக வாக்கியத்தை ஒப்பித்தேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

எவ்வளவு ஆழம் என்றாவது கேட்டிருக்கலாம். அன்றைக்கு வரிசையில் யாரும் இல்லை.