மருந்துக் கொள்முதலில் ஆட்சேபமும் கால அவகாசமும்

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கும் ஒப்பந்தம் கைநழுவிப் போன நிறுவனம் மேல்முறையீடு செய்தாலே, தோற்றவர் கிளப்பும் தகராறு என்று அதை ஒதுக்கிவிடும் மனப்போக்கு அலுவலகங்களிலும் செய்திகளிலும் தொடர்ந்து காணப்படுகிறது. மருந்து விநியோக நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களைத் தயாரிக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. கேள்வி கேட்க ஆளில்லை என்றால், எவ்வளவு நல்ல விதிமுறையும் காகிதத்தோடு நின்றுவிடும். அதே சமயம், அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க மாதங்கள் ஆகும்போது, வழக்கில் எந்தத் தரப்பிலும் இல்லாத நோயாளிதான் அதன் சுமையைத் தாங்குகிறார்.

தமிழ்நாட்டில் இதற்கான சட்ட ஏற்பாடு தெளிவாகவே இருக்கிறது. 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, தரப் பரிசோதனைக்குப் பின் மருத்துவமனைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கப்பட்ட தொகையில் கழித்துப் பதியும் பாஸ்புக் கணக்கில் வழங்குகிறது. பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் தத்தம் கழகங்களை அமைத்தபோது முன்மாதிரியாகக் கொண்டது இந்த முறையைத்தான். இக்கொள்முதல்களை ஆள்வது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம். ஒப்பந்தப்புள்ளியை ஏற்கும் அதிகாரியின் ஆணையால் பாதிக்கப்பட்டவர், அந்த ஆணை கிடைத்த 10 நாள்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அதன் 11ஆம் பிரிவு கூறுகிறது. அதற்கு அப்பால், அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யும் வழியும் உண்டு.

பத்து நாள் என்பது குறைவான அவகாசம் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து விஷயத்தில் அது குறைவாக இருப்பதே நல்லது. ஆனால் ஏன் நிராகரிக்கப்பட்டோம் என்பது முழுமையாகத் தெரிந்தால்தான் அந்தப் பத்து நாளுக்குப் பொருள் இருக்கும். நடைமுறையில் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

மருந்து ஒப்பந்தப்புள்ளி இரண்டு உறைகளாகக் கேட்கப்படுகிறது. முதல் உறையான தொழில்நுட்ப உறையில் உற்பத்தி உரிமம், நல்ல உற்பத்தி நடைமுறைச் சான்று, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அளிக்கும் தண்டனையின்மைச் சான்று, குறிப்பிட்ட ஆண்டுகளாக அந்த மருந்து சந்தையில் இருப்பதற்கான சான்று, விற்றுமுதல் குறித்து பட்டயக் கணக்கர் தரும் சான்று என அடுக்கடுக்காக ஆவணங்கள் சேரும். பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமும் நிறுவன முத்திரையும் இருக்க வேண்டும். இந்த உறையில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே திறக்கப்படும். வேறொரு மாநிலத்தின் கொள்முதல் அமைப்பில் எங்கள் ஒப்பந்தப்புள்ளி ஒருமுறை முதல் உறையிலேயே நிராகரிக்கப்பட்டபோது, இணையத்தில் வெளியான பட்டியலில் எங்கள் பெயருக்கு எதிரே 'ஆவணங்கள் முழுமையாக இல்லை' என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. எந்த ஆவணம் என்று கேட்டுக் கடிதமும் மின்னஞ்சலும் அனுப்பி, நேரிலும் போய் நின்ற பிறகுதான், உரிமத்தின் காலம் முடிந்துவிட்டதாகக் கருதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. புதுப்பித்த உரிமமோ அதே உறையில் சில பக்கங்கள் தள்ளி இருந்தது. அதைச் சுட்டிக்காட்டும் முன்பே விலை உறைகள் திறக்கப்பட்டு, யார் எல்1, அதாவது மிகக் குறைந்த விலை கோரியவர், என்பதும் அறிவிக்கப்பட்டுவிட்டது. விலைகள் வெளியே தெரிந்த பிறகு எங்களை மீண்டும் உள்ளே சேர்ப்பது மற்றவர்களுக்கு அநீதி என்று அந்த அமைப்பின் அலுவலர் சொன்னார். அந்தக் கட்டத்தில் அது சரியான வாதமாகவும் இருந்தது. சேர்க்க வேண்டிய நேரத்தில் காரணத்தைச் சொல்லியிருந்தால், ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

தாமதம் நீதியை எப்படிக் கைக்கு எட்டாமல் செய்துவிடும் என்பதற்கு 1979ஆம் ஆண்டின் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். பம்பாய் விமான நிலைய உணவகத்துக்கான ஒப்பந்தப்புள்ளியில் கேட்கப்பட்ட ஐந்தாண்டு அனுபவத் தகுதி, ஒப்பந்தம் பெற்றவருக்கு இல்லை. தானே விதித்த தகுதி வரையறையை அரசு அமைப்பு மீறக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்ன தீர்ப்பு இது. இன்றுவரை ஒப்பந்தப்புள்ளி வழக்குகளில் தொடர்ந்து மேற்கோள் காட்டப்படுவது. ஆயினும் அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. மனுதாரர் உண்மையான அக்கறையோடு வந்தவர் அல்லர் என்பதோடு, அவர் தாமதமாக வந்தார், அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் பணத்தைப் போட்டுத் தொழிலை ஏற்பாடு செய்துவிட்டார் என்பதும் அதற்குக் காரணங்கள். சட்டம் நிலைநாட்டப்பட்டது, விளைவு மாறவில்லை.

அதன் பிறகு 1994இல் டாடா செல்லுலார் வழக்கிலும், 2006இன் இறுதியில் ஜகதீஷ் மண்டல் வழக்கிலும், நீதிமன்றத் தலையீட்டுக்கான எல்லை மேலும் குறுகியது. முடிவு தீய நோக்கோடு அல்லது தன்னிச்சையாக எடுக்கப்பட்டதா, பொதுநலன் பாதிக்கப்படுகிறதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள் என்றும், வணிகப் போட்டியிலும் புண்பட்ட தன்மானத்திலும் பிறக்கும் வழக்குகளுக்கு இடம் தரக்கூடாது என்றும் நீதிமன்றம் வகுத்தது. இந்த எச்சரிக்கை நியாயமானதே. ஒரு இடைக்காலத் தடை வந்தால், பழைய விலை ஒப்பந்தம் முடிந்து புதியது கையெழுத்தாகாத இடைவெளியில், மருத்துவமனைகள் உள்ளூர்க் கொள்முதலுக்குத் தள்ளப்படுகின்றன; மொத்த விலையின் பலன் போய்விடுகிறது. அதுவும் கைகொடுக்காத இடத்தில், சர்க்கரை நோயாளியிடம் மாதம் முழுவதற்கும் தர வேண்டிய மாத்திரைகளில் பாதியைக் கொடுத்து, மறுபடி வரச் சொல்வார்கள். அந்த ஒரு நடைக்கு அவர் இழப்பது ஒரு நாள் கூலி.

அமெரிக்காவில் இதே முரணை வேறு வகையில் கையாள்கிறார்கள். 1984ஆம் ஆண்டின் ஒப்பந்தப் போட்டிச் சட்டப்படி, அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் ஆட்சேபம் பதிவானால், ஒப்பந்தப் பணி தானாகவே நிறுத்தப்படும். 100 நாள்களுக்குள் அந்த அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும். காத்திருக்க முடியாத அவசரம் இருந்தால், கொள்முதல் செய்யும் துறை காரணங்களை எழுத்தில் பதிந்து பணியைத் தொடரலாம். என் மனத்துக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று: பேச்சுவார்த்தை முறையிலான கொள்முதல்களில் தோற்றவர் கேட்டால், அவருடைய ஒப்பந்தப்புள்ளியின் குறைபாடுகளைத் துறையே விளக்கியாக வேண்டும். விளக்கம் கிடைத்ததும் வழக்குப் போடும் எண்ணத்தைக் கைவிடுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். எனக்கு அப்படிப்பட்ட விளக்கம் கிடைத்திருந்தால் நானும் பலமுறை கைவிட்டிருப்பேன்.

நம்மிடம் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. தொழில்நுட்ப உறையின் மதிப்பீட்டை, எந்த ஆவணம், எந்தப் பக்கம், என்ன குறை என்ற விவரத்தோடு வெளியிட்டு, விலை உறையைத் திறக்கும் முன் பதில் சொல்லச் சில நாள்கள் தரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும் ஒப்பந்தங்களுக்கு முடிவை அறிவித்த பின் குறைந்தது 10 நாள் காத்திருந்தே கையெழுத்திடுகிறார்கள். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை அதேபோல நாமும் காத்திருக்கலாம். இந்த நாள்களையெல்லாம் கணக்கில் சேர்த்து, நடப்பு விலை ஒப்பந்தம் முடிவதற்கு மாதங்கள் முன்பாகவே அடுத்த ஒப்பந்தப்புள்ளியைக் கோர வேண்டும். அப்படியும் தகராறு நீண்டால், பழைய விலையிலேயே வழங்கலை நீட்டிக்கும் நிபந்தனையை முதல் ஆவணத்திலேயே எழுதி, எங்களைப் போன்ற வழங்குநர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடலாம்.