கேசட் சாய்ந்த பக்கம் ஹெட்டும் சாயட்டும்

கேசட் டெக்கின் ஹெட்டை, அதாவது டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கிற பாகத்தின் சாய்வை, சரிபண்ண வேண்டும் என்றால் முதலில் நல்ல டெஸ்ட் டேப் (சரியான சாய்வில் அளவுக்கென்றே பதிந்த டேப்) வாங்கு என்பார்கள். பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை என்றால் அது தேவையே இல்லை என்பது என் கட்சி.

பெரியப்பாவின் கேசட்டுகள் எல்லாம் எண்பதுகளில் திருநெல்வேலி ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொடுத்துப் பதிந்து வாங்கியவை. அந்தக் கடை டெக்கின் ஹெட் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ, அந்தச் சாய்வோடுதான் பாட்டு டேப்பில் ஏறியிருக்கிறது. முறைப்படி நிமிர்த்தி வைத்த ஹெட்டில் போட்டால் கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்கும்.

கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. அப்படியென்றால் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் பிடிக்கிற இடம் 4.76 மைக்ரான்தான். இடது, வலது டிராக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடையே சுமார் 0.9 மி.மீ. ஹெட் 0.1 டிகிரி சாய்ந்தாலே இரண்டு சேனலுக்கும் நடுவில் ஒன்றரை மைக்ரான் முன்பின் ஆகிவிடும். அதாவது மூன்றில் ஒரு அலை; முழு அலையை 360 டிகிரி என்று வைத்தால் 120 டிகிரி ஃபேஸ் (அலையின் முன்பின்) வித்தியாசம். காது ‘ஏதோ மங்கல்’ என்பதோடு நின்றுவிடும்; அலையைத் திரையில் வரைந்து காட்டுகிற ஆசிலோஸ்கோப், சுருக்கமாக ஸ்கோப், விடாது.

என்னிடம் இருப்பது சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கின 20 மெகாஹெர்ட்ஸ் அனலாக் ஸ்கோப். இதற்கு அதுவே அதிகம். டெக்கின் லைன் அவுட்டில் இடதை முதல் சேனலுக்கும் வலதை இரண்டாவதற்கும் கொடுத்து, எக்ஸ்-ஒய் மோடில் (ஒரு சேனல் புள்ளியைக் கிடையாகவும் மற்றது மேல்கீழாகவும் நகர்த்தும்) போட வேண்டியது. ஃபேஸ் ஒத்துப்போனால் 45 டிகிரியில் ஒரு கோடு. 90 டிகிரி விலகினால் வட்டம். 180 என்றால் கோடு எதிர்ப்பக்கம் சாயும்.

சிக்னலுக்கு எங்கே போவது? அறுபதுகளின் சினிமாப் பாட்டு ஒன்று கேசட்டில் இருந்தால் போதும். மோனோ என்பதால் இரண்டு டிராக்கிலும் ஒரே சமாசாரம்தான். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, பாட்டு ஓடும்போதே ஸ்பிரிங் வைத்த பக்கத்து ஸ்குரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பணும். காந்தம் ஏறாத ஸ்குரூடிரைவர் முக்கியம். குரல் கீழ் ஸ்தாயியில் இருக்கும்போது படம் எப்படியும் கோடு மாதிரிதான் தெரியும், அதை நம்பக் கூடாது. ‘ச’, ‘ஸ’ வருகிற இடத்தைப் பாருங்கள்: கோடு சட்டென்று உப்பிப் பஞ்சாகும். அந்த உப்பல் ஒடுங்கினால் ஹெட் வழிக்கு வந்துவிட்டது. 10 கிலோஹெர்ட்ஸ் டோன் மட்டும் வைத்துப் பார்த்தால் முழுசாக ஒரு அலை தள்ளிப்போனாலும் அதே கோடுதான் வரும். பாட்டில் பல அலைவரிசை கலந்திருப்பதால் அந்த ஏமாற்று வேலை செல்லாது.

கோடு ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் அது சேனல் லெவல் பிரச்சினை, ஸ்குரூவைத் தொடாதீர்கள். லேசாக நடுங்கினால் டேப் ஆடுகிறது என்று அர்த்தம், சராசரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பி சைடுக்குத் திருப்பினால் மறுபடி முதலிலிருந்து.

ஸ்டீரியோ பாட்டில் படம் கோடாகவே ஆகாது. நடுவில் நிற்கிற குரல் தனியாக வரும் இடத்தைப் பிடித்துச் செய்வேன். புதிதாகப் பதிவு செய்கிற டெக்கில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். இதற்கென்றே ஒரு பழைய டெக்கை ஒதுக்கிவிட்டேன், அதன் ஸ்குரூ நகராமலிருக்கப் பெயின்ட் சீல் வைப்பதில்லை.